ஜனவரிக்கு எடுத்து வைக்கும் சுக்கினி

தங்கச்சி, உன் கேள்வியை சேலத்தில் அம்மா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து படித்தேன். இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வந்திருக்கிறோம். நீ ஏற்காட்டிலிருந்து இங்கிலாந்து போய் இது முதல் கோடை. வெள்ளரிக்காய் போல நீண்ட பூசணி இனக் காயான சுக்கினி, இரண்டே செடியில் தினமும் நாலு காய் வருகிறது, வெட்டி அப்படியே ஃப்ரீசரில் போட்டதைக் கூட்டு வைத்தால் சொதசொதவென்று ஆகிறது, அடுத்து பீன்ஸும் தக்காளியும் வரப்போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். சௌசௌ கூட்டு மாதிரி வருமா என்றும் கேட்டிருக்கிறாய்.

பதில் என் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருக்கிறது. அம்மா கொத்தவரங்காய் வற்றல் போட்டிருக்கிறார், ஆடிக்காற்றில் துணி பறக்காமல் நாலு மூலையிலும் கல். பச்சைக் காயை அவர் நேராக வெயிலில் போடுவதே இல்லை. உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, வடித்து, அப்புறம்தான் பரப்புவார். ஃப்ரீசருக்கும் அதே பழக்கம் வேண்டும். பறித்த பிறகும் காய்க்குள் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். மைனஸ் 18 டிகிரியில்கூட அது முழுதாக நிற்காது, நிறமும் மணமும் மெல்லப் போய்விடும். கொதிநீர்தான் அதை நிறுத்தும்.

சொதசொதப்புக்குக் காரணம் வேறு. சுக்கினியில் 100க்கு 95 பங்கு தண்ணீர். அது மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய ஐஸ் துகள்களாகிக் காயின் சதையைக் கிழித்துவிடும். என் முதல் வருடம் நானும் பச்சையாகவே போட்டேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிட்ட ஒரு நாள், நம் தோட்டத்துக் காய் என்று ஆசையாகப் பையை எடுத்து, வாயில் வைக்க முடியாமல் கொட்டியபோது அழுகையே வந்துவிட்டது.

அரை அங்குலக் கனத்தில் வட்ட வட்டமாக நறுக்கு. அரைக் கிலோ காய்க்கு நாலு லிட்டர் தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும், காயைப் போட்டு மூன்று நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு முழுக்க ஆறவிட்டு, துணியில் ஒற்றி எடு. ஈரம் இருந்தால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்று. பையில் தேதி எழுத மறக்காதே.

ஆனால் மனதாரச் சொல்கிறேன், பாதிக் காயைத் துருவிவிடு. சில நாள் பறிக்காமல் விட்டால் முழங்கை நீளத்துக்குப் போய்விடுமே, அந்தக் காய்க்கு இதைவிட நல்ல வழி இல்லை. விதையும் பஞ்சும் நீக்கித் துருவி, ஆவியில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, ஆறியதும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பையில் கட்டி உறையவை. உருகவிட்டுப் பிழிந்து அடை மாவில் கலந்தால் குளிர்காலம் முழுக்க நல்ல மெத்தென்ற அடை. பிழிந்த தண்ணீரை அரிசிபருப்புச் சாதத்துக்கு ஊற்று.

பீன்ஸுக்கும் மூன்று நிமிடம், பட்டாணிக்கு ஒன்றரை, கீரைக்கு இரண்டு. தக்காளி, பச்சைமிளகாய் இரண்டையும் கழுவித் துடைத்து அப்படியே போடலாம். உறைந்த தக்காளியைச் சுடுதண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். சமைப்பதற்கோ உறையவைப்பதற்கோ முன் ஒவ்வொரு சுக்கினியிலும் சிறு துண்டு நாக்கில் வைத்துப் பார். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடு. நாம் பாகற்காய் தின்று வளர்ந்தவர்கள், கசப்பைப் பொறுத்துக்கொள்வோம். இது அந்தக் கசப்பு இல்லை, நம்மூர்ப் பேய்ச்சுரைக்காயின் நச்சுக் கசப்பு. வேகவைத்தாலும் உறையவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கடை விதையில் இது அபூர்வம். அழகுக்கு வளர்க்கும் பூசணி பக்கத்தில் இருந்து, நீயே விதை எடுத்து வைத்தால் அடுத்த வருடம் வர வாய்ப்பு அதிகம். அதனால் சுக்கினிக்கு மட்டும் விதை சேர்க்காதே.

சௌசௌ மாதிரி வராது, அதன் கெட்டித்தன்மை இதற்கு இல்லை. ஆனாலும் கூட்டு நன்றாக வரும். பாசிப்பருப்பை முதலில் கெட்டியாக வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, அது கொதிக்கும்போது ஃப்ரீசரிலிருந்து எடுத்த காயை உருகவிடாமல் அப்படியே போடு. மூடாமல் நாலு நிமிடம் போதும்.