ஏழை நாடுகளில் சக்கர நாற்காலியும் காதொலிக் கருவியும் தேவைப்படுவோருக்குக் கிடைக்காதது ஏன்?

விலைதான் காரணமா, நன்கொடையாகக் கருவிகளை அனுப்பினால் தீராதா என்று கேட்டிருக்கிறீர்கள். விலை ஒரு காரணம்தான். ஆனால் அதோடு முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவதொரு உதவிக் கருவி தேவைப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு, பெரும்பாலும் வருமானம் குறைந்த நாடுகளில், அது எட்டாக்கனியாகவே இருக்கிறது.

நன்கொடையின் குறையைச் சக்கர நாற்காலியில் தெளிவாகக் காணலாம். மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கென்று செய்யப்பட்ட, சிறிய முன்சக்கரம் கொண்ட நாற்காலி, மண்பாதையில் பத்தடி போவதற்குள் புதைந்து நிற்கும். இருக்கை உடலுக்குப் பொருந்தாவிட்டால், உணர்விழந்த தோலில் அழுத்தப் புண் உண்டாகி, அது உயிருக்கே உலை வைக்கலாம். ஆகவே அளவெடுத்துப் பொருத்தவும், பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கவும், பழுது பார்க்கவும் ஆட்கள் வேண்டும். என் பார்வையில் பணத்தைவிடப் பெரிய பஞ்சம் இந்த ஆட்களுக்குத்தான். (காதொலிக் கருவியும் பேட்டரி தீர்ந்து, புதியது கிடைக்காத நாளில் அலமாரிக்குப் போய்விடும்.)

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் 50 கருவிகள் கொண்ட முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டது. அதிலிருந்து தேர்ந்தெடுத்து அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்து, இறக்குமதி வரியையும் தளர்த்தினால் விலை இறங்கும். வாசிப்புக் கண்ணாடி போன்ற எளியவற்றை, குறுகிய பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளரே வழங்கிவிட முடியும். செயற்கைக் கால் அப்படியல்ல. அதற்குப் பட்டறையும் தேர்ந்த வல்லுநரும் தேவை, வளரும் குழந்தைக்கோ அதைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.