டேண்டம் சைக்கிள்: பின்னால் உட்காருபவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்

இருவர் சேர்ந்து மிதிக்கும் டேண்டம் சைக்கிள் வாங்க நினைக்கும் மதுரைக்காரர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள்.

நான் 5 அடி 10 அங்குலம், மனைவி 5 அடி 1 அங்குலம். ஒரே வண்டி இருவருக்கும் பொருந்துமா? (திருநகர்)

பொருந்தும், அவரையும் அளந்து வாங்கினால். பலர் முன்னால் ஓட்டுபவரின் உயரத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நிற்கும்போதெல்லாம் வண்டியைத் தாங்குபவர் முன்னவர். அதனால் குறுக்குக் கம்பிக்கு மேல் இரு பாதங்களையும் நன்றாக ஊன்றி நிற்க அவருக்கு இடம் வேண்டும். பின்னவருக்குத் தரை எட்ட வேண்டியதில்லை. ஆனால் பின்சீட்டை முழுவதும் இறக்கியபின், கீழே இருக்கும் பெடலில் அவர் குதிகால் பட வேண்டும். படாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இரு சீட்டுகளுக்கும் இடைவெளி குறைந்தால் அவர் முகம் உங்கள் முதுகில் இடிக்கும். இன்னொன்று: பின் கைப்பிடி உங்கள் சீட்டின் தண்டில்தான் மாட்டப்பட்டிருக்கும். உங்கள் சீட்டை உயர்த்தினால் அதுவும் சேர்ந்து உயரும். எனவே முதலில் உங்கள் சீட், அடுத்து அவர் சீட், கடைசியில் பின் கைப்பிடி என்று சரிசெய்யுங்கள்.

அண்ணா, என் தங்கைக்குப் பார்வை இல்லை. பின்னால் உட்கார வைத்து ஓட்டலாமா? (மேலூர்)

தயங்காமல் ஓட்டுங்கள் தம்பி. பாராலிம்பிக்ஸில் பார்வையற்ற வீரர்கள் டேண்டமில்தான் பந்தயம் ஓட்டுகிறார்கள், முன்னால் பார்வையுள்ள ஒருவர் இருப்பார். ஏறுவதற்கு முன் வண்டியை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை தங்கை தடவிப் பார்க்கட்டும். இரு பெடல்களும் ஒரே செயினில் பிணைந்தவை. நீங்கள் சொல்லாமல் மிதிப்பதை நிறுத்தினால் அவர் கால் வெடுக்கென்று நிற்கும். "நிறுத்துகிறேன்", "வேகத்தடை", "வலது வளைவு" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பார்வையுள்ளவர் பின்னால் இருந்தாலும் இதே பழக்கம் வேண்டும். உங்கள் முதுகைத் தாண்டி அவருக்கும் சாலை தெரியாது.

இடப்பக்கச் செயின் அடிக்கடி கழன்றுவிடுகிறது, என்ன செய்வது?

அதுதான் இரு பெடல்களையும் இணைக்கும் செயின். பல வண்டிகளில் முன் பெடல் அச்சு மையம் விலகிய உருளையில் இருக்கும். அதன் போல்ட்டைத் தளர்த்தி உருளையைத் திருப்பினால் செயின் இறுகும். பெடலை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பல்சக்கரம் துல்லிய வட்டமாக இருப்பதில்லை, ஓரிடத்தில் செயின் அதிகம் இறுகும். அந்த இடத்திலும் சிறிது தொய்வு இருக்குமாறு வைத்து போல்ட்டை முடுக்குங்கள்.

சிறுமலை இறக்கத்துக்கு ரிம் பிரேக் போதுமா?

போதாது. இருவர் எடையை இறக்கம் முழுவதும் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டை உரசும் சக்கர வளையம் (ரிம்) சூடேறி டயர் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாக வாங்குங்கள். ஸ்போக்ஸ் கம்பி 36க்குக் குறையாத சக்கரம், அகலமான டயர் என்று பாருங்கள்.

மகனுக்கு 8 வயது. கால் எட்டுமா? (நாகமலை புதுக்கோட்டை)

பின்சீட்டுக்குக் கீழுள்ள ஃபிரேம் குழாயில் உயரத்தில் பொருத்தும் சிறுவர் பெடல் தனியாகக் கிடைக்கிறது. பாதம் நழுவாதபடி பட்டை கட்டுங்கள்.

புறப்படும்போதே தடுமாறுகிறோம்.

முன்னவர் இரு பிரேக்குகளையும் பிடித்து, கால்களை அகலமாக விரித்து நிற்க வேண்டும். பின்னவர் ஏறி உட்கார்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, முன்னவர் கேட்கும் நிலைக்குக் கொண்டுவருவார். கால்களை ஒட்டி நின்றால் அந்தச் சுற்றில் பெடல் முன்னவரின் கணுக்காலில் அடிக்கும். பிறகு "போகலாம்" என்று ஒருவர் சொல்ல, இருவரும் சேர்ந்து மிதியுங்கள். ஆளில்லாத மைதானத்தில் கைவந்த பிறகு, விடியற்காலையில் அழகர்கோவில் சாலையில் போய் வாருங்கள். மேலே பழமுதிர்சோலை ஏற்றத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.