லில் நாஸ் எக்ஸ் ஒரே பாட்டில் மேலே வந்தது வெறும் அதிர்ஷ்டம்தானே?

"30 டாலருக்கு பீட் வாங்கிப் பாடினார், 'ஓல்ட் டவுன் ரோட்' அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது, இதில் திறமை எங்கே?" என்று அமெரிக்கக் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பீட் என்றால் பாடுவதற்காக முன்கூட்டியே செய்து விற்கும் பின்னணி இசை. பீட்டின் விலை வரை தெரிந்து வைத்திருப்பதைப் பார்த்தால் நீங்களும் பீட் வாங்கிப் பாட்டுப் போடுகிறவர் என்றே படுகிறது. அதனால் அந்த 30 டாலரிலிருந்தே வருகிறேன்.

அந்தக் காசுக்குக் கிடைப்பது லீஸ், அதாவது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டும்; முழு உரிமை இல்லை. யங்கியோ என்ற நெதர்லாந்துப் பையன் இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்த பீட் அது. இப்படிப்பட்ட லீஸில் அதே பீட்டை இன்னும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கும் பெரும்பாலும் உச்சவரம்பு இருக்கும். மலிவு லீஸில் மொத்த இசையும் ஒரே கோப்பாகத்தான் வரும். பேஸ் (அடித்தொனி ஒலி) குரலை அமுக்கினால் அதை மட்டும் தனியே குறைக்க வழியில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பீட்டுக்குள்ளேயே இருந்தது. பாட்டில் கேட்கும் பாஞ்சோ (நரம்பு வாத்தியம்) ஒலி, நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு 2008-இல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ்' ஆல்பத்திலிருந்து எடுத்த சாம்பிள், அதாவது இன்னொருவர் பதிவிலிருந்து எடுத்த துண்டு. மற்றவர்கள் இலவசமாக எடுத்தாள விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த ஆல்பம்தான், ஆனால் அந்த உரிமம் வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லாது. லீஸ் கையில் இருந்தாலும் சாம்பிளுக்குத் தனியாக அனுமதி வாங்கியே ஆக வேண்டும். பாட்டு பெரிதாகி, கொலம்பியா இசை நிறுவனம் கையில் எடுத்த சமயத்தில்தான் அந்த அனுமதி ஒழுங்குக்கு வந்தது. நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் இருவரின் பெயரும் பாட்டை எழுதியவர்கள், தயாரித்தவர்கள் பட்டியலில் ஏறின. பீட் வாங்கும்போதே "சாம்பிள் இருக்கிறதா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அவருடைய உழைப்புக்கு வருவோம். மான்டெரோ லமார் ஹில் (லில் நாஸ் எக்ஸின் இயற்பெயர்) 1999-இல் ஜார்ஜியாவில் பிறந்தவர். ஆறு வயதில் பெற்றோர் பிரிந்தனர். முதலில் அட்லாண்டாவில் அம்மா, பாட்டியோடும், பிறகு ஆஸ்டெலில் அப்பாவோடும் வளர்ந்தார். கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்து, ஓராண்டில் விட்டுவிட்டு அக்கா வீட்டில் தங்கினார். பாடகராகும் முன்பே ட்விட்டரில் மீம் போட்டுப் பெரிய கூட்டம் சேர்த்தவர். எந்த வரியை ஜனங்கள் திரும்பச் சொல்வார்கள் என்பது அங்கே கைவந்த பாடம்.

பாட்டைப் பாருங்கள். மொத்தம் 1 நிமிடம் 53 விநாடி. கொக்கி வரி (ஹூக், மனதில் ஒட்டிக்கொள்ளும் வரி) தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. யூடியூபில் தலைப்போடு பாட்டின் ஒரு வரியையும் சேர்த்துப் போட்டார். பாட்டுப் பெயர் தெரியாதவர் காதில் விழுந்த வரியைத்தானே தேடுவார்? அட்லாண்டாவில் செவ்வாய்க்கிழமைகளில் 20 டாலர் சலுகை தரும் ஸ்டுடியோவில், ஒரு மணி நேரத்துக்குள் பாடி முடித்தார். வரிகள் கையில் தயாராக இல்லாமல் இது நடக்காது. 2018 டிசம்பரில் வெளியிட்டு, மாதக்கணக்கில் மீமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். டிக்டாக்கில் கௌபாய் உடைக்கு மாறும் வீடியோக்கள் பற்றிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

ரசிகன் தூக்கிப் பேசுகிறான் என்று சிலர் வரக்கூடும். அவருடைய எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. அதிர்ஷ்டமே இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் காற்று வரும் நேரத்தில் படகின் பாயை விரித்து வைத்திருந்தார்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை. 2019 மார்ச்சில் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசை) பட்டியலில் 19-ஆம் இடத்தில் நுழைந்த பாட்டை, இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் போதவில்லை என்று சொல்லி, தரவரிசைகளை வெளியிடும் பில்போர்டு இதழ் நீக்கியது. டிராப் (ராப் இசையின் ஒரு வகை) தாளத்தில் பாடிய வெள்ளைக்காரக் கன்ட்ரி பாடகர்கள் அதே பட்டியலில் நிம்மதியாக இருந்தார்கள். கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ் ஏப்ரலில் சேர்ந்து பாடிய வடிவம் நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருதையே வாங்கியது. அப்போதும் கன்ட்ரி பட்டியலில் அதற்கு இடமில்லை.