பால் பைத்தான் இருக்கும் வீட்டில் ஃபெரெட் வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் ஒரு பால் பைத்தான் (ball python எனப்படும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு) வளர்க்கிறேன். என் மகள் இப்போது ஃபெரெட் வேண்டும் என்று கேட்கிறாள். "குட்டியிலிருந்தே பழக்கினால் பாம்போடு ஒத்துப்போய்விடும்" என்கிறார் கடைக்காரர். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். "ஒத்துப்போய்விடும்" என்று சொல்லி விற்பவரிடம் எந்த உயிரையும் வாங்கக் கூடாது என்பேன். ஃபெரெட் பார்ப்பதற்குக் கீரி போல இருந்தாலும் கீரி இனம் அல்ல, நீர்நாயின் குடும்பம். ஆனால் பாம்பின் முன்னால் அந்த வேறுபாடு உதவாது. முயலையும் எலியையும் வளைக்குள் புகுந்து விரட்டுவதற்காகவே ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்ட வேட்டை விலங்கு அது. மூன்று, நான்கு அடிப் பைத்தானைக் கடித்துக் குதறிவிடும். பாம்பு பெரிதாக இருந்தால் ஃபெரெட்டின் உயிர் போகும். எவ்வளவு பழக்கினாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே விட முடியாது.

தனித்தனி அறை, பூட்டுள்ள கண்ணாடிப் பெட்டி என்று சமாளிக்கலாம் என நினைப்பீர்கள். பூட்டு எளிது, வெப்பம்தான் சிக்கல். பைத்தானின் பெட்டியில் ஒரு மூலையாவது 31, 32 டிகிரி இருக்க வேண்டும். ஃபெரெட்டுக்கோ 27 டிகிரியைத் தாண்டினாலே மூச்சு வாங்கத் தொடங்கும். 30க்கு மேல் உயிருக்கே ஆபத்து. மே மாதத்தில் சென்னையின் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, நீங்கள் அலுவலகம் போன பிறகும் ஃபெரெட் இருக்கும் அறையில் ஏ.சி. ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் விடை வேண்டும். விலங்கின் விலையைவிட இந்தச் செலவைத்தான் முதலில் கணக்குப் போடுங்கள்.

வாசனையையும் மறந்துவிடாதீர்கள். ஃபெரெட்டைக் கொஞ்சிய கையோடு பெட்டியைத் திறந்தால், பாம்பு அந்தக் கையை இரை என்று நினைத்துக் கவ்வக்கூடும். பெட்டியைச் சுற்றி ஏதாவது ஓடிக்கொண்டே இருந்தால் பால் பைத்தான் அரண்டுபோய் வாரக்கணக்கில் தீனி எடுக்காது.

மருத்துவர் கிடைப்பாரா என்று கடைக்குப் போவதற்கு முன்பே விசாரியுங்கள். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் தொற்றினால் ஃபெரெட் பிழைப்பது அரிது. நாய்களுக்கான தடுப்பூசிகளில் சில, அதற்கு அந்த நோயையே உண்டாக்கக்கூடும். எனவே ஃபெரெட்டுக்கு வைத்தியம் பார்த்துப் பழகியவர்தான் தேவை.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உங்கள் பைத்தானுக்குப் பதிவு இருக்கிறதா? 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024ஆம் ஆண்டு விதிகள் வந்த பிறகு புதிதாக வாங்குபவருக்கு 30 நாள்தான் அவகாசம். நம் நாட்டுச் சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பாங்காக்கிலிருந்து பயணிகள் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த பைத்தான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத் துறை பலமுறை பறிமுதல் செய்திருக்கிறது. ரசீதும், விலங்கு எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஆவணமும் தராத கடையின் விலங்கு அப்படி வந்ததாகவும் இருக்கலாம். ஃபெரெட் விற்கும் அதே கடைக்காரரிடம் இந்தத் தாள்களைக் கேட்டுப் பாருங்கள்.

மகளுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பைத்தானை மாதம் ஒருமுறை நிறுத்து எடையை நோட்டில் எழுதும் வேலையையும், தண்ணீர் மாற்றும் வேலையையும் அவளிடம் கொடுங்கள். நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும் உயிர் அது. அவள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் உங்கள் வீட்டில் இருக்கும்.