1990 தெரிகிறது, இடம் சொல்ல வரவில்லை

இடத்தைச் சொல்ல முதலில் பழக்குங்கள், நம்பர் அப்புறம். இலங்கையின் இலவச அம்பியூலன்ஸ் நம்பர் 1990 மனப்பாடம், ஆனால் "எங்கே இருக்கிறாய்?" என்றால் ஐந்து வயது மகள் "வீட்டில்" என்று நின்றுவிடுகிறாள் என்கிறீர்கள்.

பெரும்பாலும் பேர்தான் குழப்பம். நாம் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு நாம் சொல்லும் தமிழ்ப் பேர் ஒன்று, போர்டில் இருப்பது வேறு. அம்பியூலன்ஸ்காரருக்குப் போர்டுப் பேர் வேண்டும். சொல்ல வேண்டியது டவுன், தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), லயம் (வரிசை வீடுகள்) நம்பர், அப்புறம் ஒரு அடையாளம்: "கோயிலுக்குக் கீழே, பிள்ளைக் காம்பராவுக்கு (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பக்கத்து லயம்." இந்தக் கடைசித் துண்டுதான் பிள்ளைக்குச் சட்டென்று வரும், அதிலிருந்தே தொடங்குங்கள்.

போனை அணைத்துவிட்டு நீங்களே ஆபரேட்டராக நடியுங்கள். பாதியில் குறுக்கிட்டு "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பினால் சரி. முதலிலிருந்து ஒப்பித்தால் இன்னும் பழகவில்லை. பழக்குவதற்காக நிஜமாகவே 1990க்கு எடுக்காதீர்கள், அந்த நேரம் யாருக்கோ உயிர் போய்க்கொண்டிருக்கும்.

ஒன்று கவனம்: பள்ளத்து லயங்களில் சிக்னல் இல்லாமல் போகலாம், போனும் லாக் ஆகியிருக்கலாம். அதற்கு, பக்கத்துக் காம்பராவுக்கு (பக்கத்து வீட்டுக்கு) ஓடிப்போய்க் கத்தச் சொல்லிக்கொடுங்கள். தீயோ மண்சரிவோ என்றால் போனைத் தேடவே கூடாது, நேரே வெளியே ஓட வேண்டும்.