எக்ஸ்ரே எடுப்பவர் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் எதற்கு?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எக்ஸ்ரே அறைக்குப் போய்வந்தவர்கள் பலருக்கும் எழும் கேள்வி இது. அதன் பெயர் டி.எல்.டி. பேட்ஜ். அணிந்திருப்பவர் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கு வைக்கும் கருவி.

உள்ளே கால்சியம் சல்பேட்டில் டிஸ்புரோசியம் என்ற உலோகம் துளி கலந்த 3 சிறு வில்லைகள் இருக்கும். கதிர் படும்போது அதன் ஆற்றலில் ஒரு பங்கு வில்லைக்குள் சிக்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கினால் அது ஒளியாக வெளிவரும். ஒளி கூடுதல் என்றால் பட்ட கதிரும் கூடுதல். பிள்ளையார்பட்டிக் கோயில் உண்டியல் மாதிரிதான்: காசு விழ விழ உள்ளே சேரும், திறந்து எண்ணினால்தான் தொகை தெரியும். இந்தியாவில் வழக்கமாக 3 மாதத்துக்கு ஒருமுறை எண்ணுகிறார்கள்.

பேட்ஜ் அணிந்து வேலை செய்பவர்கள் கவனத்துக்கு: சூடு பட்டால் பதிவு கெடும் என்பதால், நம்ம ஊர் வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டுவைப்பது பெரிய தப்பு. ஈய அங்கிக்கு உள்ளே, மார்பு உயரத்தில் அணிய வேண்டும். வேலை முடிந்ததும் எக்ஸ்ரே அறையிலேயே தொங்கவிட்டுப் போகாதீர்கள். உங்கள் மேல் படாத கதிரும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். அப்புறம், உங்களுக்கே எக்ஸ்ரே எடுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

பேட்ஜ் கதிரைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது அளக்க மட்டும்தான் செய்யும், உங்களைக் காப்பது ஈய அங்கியும் சுவரும் தூரமும்.