ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றலாமா?
வணக்கம். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த மகளைத் தனியார் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. இதற்கான சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் மாறினால் அது போய்விடும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேறு விஷயம். அதற்குப் பயிற்று மொழி தடையில்லை, ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

ஆங்கிலம் வராதே என்ற உங்கள் பயம் நியாயம்தான். சரி, அதற்குத் தினமும் வீட்டில் கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்க வையுங்கள். கணக்கும் அறிவியலும் நன்றாகப் புரிந்து படிக்கிறாள் என்கிறீர்களே, அதைக் கலைத்துவிட வேண்டாம்.